ஐம்பது லட்சம் தாண்டிய மாதம்

எங்கள் அலுவலகத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு டிவி மாட்டியிருக்கிறது. அதில் ஓடுவது ஒரே ஒரு எண். யாராவது எங்கள் இணையதளத்தில் ஒரு கிலோ வஞ்சிரத்துக்கு ஆர்டர் போட்டால் அந்த எண் கூடும். மீன் வீட்டு வாசலுக்குப் போன பிறகு, "சிறுசா இருக்கே, வேணாம்" என்று அவர்கள் திருப்பி அனுப்பினால் குறையாது. கூட்ட மட்டும்தான் அதற்குத் தெரியும். என் கணவர் மணிவேல் காலையில் வந்ததும் முதலில் சாமியைக் கும்பிடுவார், பிறகு டிவியைப் பார்ப்பார். சில நாள் வரிசை மாறிவிடும்.

தளத்தின் பெயர் கரைச்சந்தை. காரைக்கால் கோவில்பத்தில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். மீன், கருவாடு, வரிச்சிக்குடி அரிசி, பழைய பைக், பழைய டிராக்டர் என்று யார் எதை விற்க வந்தாலும் படம் எடுத்துத் தளத்தில் போட்டுவிடலாம், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நடுவில் நின்று நாங்கள் கமிஷன் எடுப்போம். மீனுக்கு நூற்றுக்கு எட்டு ரூபாய், வண்டிக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய். டிவியில் தெரிகிற எண் அந்தக் கமிஷன் இல்லை. விற்ற பொருள்களின் முழு விலை. மொத்த விற்பனை மதிப்பு என்று சொல்லலாம். மணிவேல் அதை ஜிஎம்வி என்பார், பெற்ற பிள்ளையைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நான் நந்தினி. பி.காம். படித்தவள், கணக்கு என் பொறுப்பு. அந்த எட்டு ரூபாயிலிருந்து ஐஸ், தெர்மாகோல் பெட்டி, டெலிவரி பெட்ரோல், முதல் ஆர்டருக்கு நூறு ரூபாய் தள்ளுபடி, மாடி வாடகை, போன் எடுக்கும் சலோமியின் சம்பளம் எல்லாம் போக மிச்சம் நிற்பதைக் காட்ட டிவி தேவையில்லை. விரல் போதும்.

இந்த எண்ணை நம்பித்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. மணிவேலின் படத்தோடு "ஆண்டுக்கு இரண்டு கோடி விற்பனை, காரைக்கால் இளைஞர் சாதனை" என்று பத்திரிகையில் வந்திருந்தது. என் அப்பா அமிர்தலிங்கம் கிளிஞ்சல்மேட்டில் சொந்த விசைப்படகு வைத்திருந்தவர். விற்ற பணம் முழுதும் சொந்தக்காரன் கைக்கு வராது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. படகு இரண்டு லட்சத்துக்கு மீன் கொண்டுவந்தால் டீசல், ஐஸ், சாப்பாடு என்று பாதி போகும். மீதியில் ஆட்களின் பங்கு போய், படகுக்காரருக்கு நூற்றுக்கு நாற்பது நிற்கும். அப்பா மாப்பிள்ளைக்கும் அதே கணக்கைப் போட்டார். இரண்டு கோடியில் பாதியைக் கழித்து, மீதியில் ஆள் பங்கையும் கழித்துவிட்டு, "எப்புடிக் கழிச்சாலும் வருசத்துக்கு நாப்பது லட்சம் நிக்கும்டி" என்று அம்மாவிடம் சொன்னார்.

கழித்ததெல்லாம் சரிதான். ஆளைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டார். மாப்பிள்ளை படகுக்காரர் இல்லை, ஏலக்காரர். துறைமுகத்தில் அடுத்தவர் மீனுக்கு விலை கூவிவிட்டு, தன் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர். மீனும் அவருடையது கிடையாது, பணமும் அவருடையது கிடையாது. மணிவேல் பொய் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

கல்யாணமான முதல் மாதமே கணக்கைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "சரி வுடும்மா. குடிக்கல, அடிக்கல, நல்ல புள்ளதான?" என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஐந்து வருடமாக அந்த டிவிக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வருடமும் வழக்கம்போல ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகள் கரையேறின. கடலுக்குப் படகு போகாவிட்டால் எங்கள் டிவியும் படுத்துவிடும். அந்த நேரம் பார்த்து, சென்னையில் ஒரு முதலீட்டு நிறுவனம் எங்கள் தளத்தில் பணம் போட ஆசைப்பட்டது. மே மாதம் ஐம்பது லட்சம் காட்டுங்கள், ஜூனில் நேரில் வந்து பேசுகிறோம் என்றார்கள். மணிவேலுக்குத் தூக்கம் போய்விட்டது. பைக் விற்கிறவர்கள், டிராக்டர் விற்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் நடையாக நடந்தார். மாதம் முடியப் போகிற சமயத்தில் எண் முப்பத்தாறு லட்சத்தில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது.

"மாமாகிட்ட படகு இருக்குல்ல?" என்றார் ஒருநாள், சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டே.

"இருக்கு. அதுக்கென்ன?"

"பழைய படகுன்னு ஒரு பிரிவு தொறப்போம். மாமா படகப் போடுவோம். கோட்டுச்சேரியில என் சித்தப்பா மவன் இருக்கான்ல, அவன் ஆர்டர் போடுவான். ரெண்டு நாளு கழிச்சு கேன்சல் பண்ணிடுவோம். கேன்சல் ஆனாலும் நம்பர் எறங்காது நந்தினி."

"இது ஏமாத்து வேலைங்க."

"என்னா ஏமாத்து? கேன்சலையும் சேத்துத்தான் ஜிஎம்வின்னு எண்ணுறாங்க. நானா கண்டுபுடிச்சேன்? யாரு பணத்தையாவது எடுக்குறோமா? யாரு பொருளாவது போவுதா? ஒரு நம்பரு, அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குத் தெம்பு இல்லை. எங்கப்பாவை இதில் இழுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கிளிஞ்சல்மேட்டுக்குக் கிளம்பிவிட்டார். நானும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அப்பா கரையேற்றிய படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். படகுக்கு அம்மாவின் பெயர்தான், லோகாம்பாள். தடைக்காலத்தில் அம்மாவைவிடப் படகுக்குத்தான் கவனிப்பு அதிகம் என்று அம்மாவே கேலி பண்ணுவாள். மணிவேல் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறவரை அப்பா பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

"விக்கிறதுக்கு இல்லையே மாப்ள?"

"சேச்சே. பேருக்குத்தான் மாமா. நம்ம வூட்டுக்குள்ளயே ஒருத்தன் எடுக்குற மாதிரி எடுத்துட்டு வுட்டுடுவான்."

அப்பா என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம்ப்பா" என்றேன்.

"மாப்ள ஒண்ணு கேட்டு இல்லன்னு எப்புடிம்மா சொல்றது? வூட்டுக்குள்ளதான" என்றார்.

மணிவேல் இருபது லட்சம் போடலாம் என்றார். அப்பா அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "பதினாறுக்குத்தான் போவும். போவாத வெலைய என் வாயால சொல்ல மாட்டேன்." பேருக்கு விற்கிற படகுக்கு நியாய விலை சொன்ன ஆள் இந்தக் கடற்கரையிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணிவேல், "மாமா, கைய படகு மேல வெச்சுக்கிட்டு சொல்லுங்க. பாக்க நல்லாருக்கும்" என்றார்.

அப்பாவின் கை பாதியில் நின்றது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகை விற்கிறவர் அதன் முன்மூக்கில் கையை வைத்து, நாலு பேர் கேட்க விலையைச் சொல்வார். கேட்டவர்களில் ஒருவர் "சரி" என்றால் அந்த நிமிஷமே படகு அவருடையது. முன்பணம், பத்திரம், மீன்வளத்துறையில் பெயர் மாற்றம் எல்லாம் பிறகு ஆற அமர நடக்கும். அடுத்த நிமிஷம் இன்னொருவர் வந்து இரண்டு லட்சம் கூடத் தருகிறேன் என்றாலும் கொடுக்க முடியாது, மனசு மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. மணிவேலின் அப்பா மின்துறையில் வேலை பார்த்தவர். படகைப் படத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். போனுக்குத்தானே என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

அப்பா பெயின்ட் கையை லுங்கியில் துடைத்துவிட்டு மூக்கில் வைத்தார். "லோகாம்பாள். மரப்படகு. இஞ்சினு போன வருசம் பாத்தது. பதினாறு லட்சம்" என்றார். சிரிக்கச் சொன்னதற்குச் சிரிக்கவும் செய்தார்.

தளத்தில் புதிதாக எது ஏறினாலும் அதைத் துறைமுகத்து வாட்ஸப் குழுக்களில் போடுவது சலோமியின் வேலை. பேருக்குப் போட்ட படகு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் வீடியோவைப் பார்த்து, "ஐயா என்னமா சொல்றாருக்கா!" என்று பூரித்துப்போய் எல்லாக் குழுவிலும் போட்டுவிட்டாள். கோட்டுச்சேரித் தம்பி அன்றைக்குப் பார்த்து ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். பந்தியில் உட்கார்ந்தவருக்குப் போன் ஞாபகம் வரவில்லை. மத்தியானத்துக்குள் ஆர்டர் வந்துவிட்டது. போட்டவர் ஜவஹர் அலி. திருமலைராயன்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிறவர். முன்பணமும் கட்டிவிட்டார்.

பெரிய ஆர்டர் வந்தால் விற்பவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது தளத்தின் விதி. சலோமி விதிப்படி அப்பாவுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்து மேசையில் ஜிஎஸ்டி கணக்கில் இருந்தேன். "ஐயா, உங்க படகுக்கு ஆர்டர் வந்துருக்குங்க. ஐஸ் பிளான்ட் ஜவஹர் அலிங்க. சரிங்களா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தபோது நான் எழுந்தேன். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"ஜவஹர் அலியான்னு கேட்டாருக்கா. அப்பறம் சரிம்மான்னாரு."

டிவியில் முப்பத்தாறு போய் ஐம்பத்திரண்டு வந்திருந்தது. சலோமி கை தட்டினாள். மணிவேல் உள்ளறையிலிருந்து ஓடிவந்து பார்த்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "நெசமான ஆர்டரே வந்துடுச்சு பாரு நந்தினி! நான் சொல்லல? இந்தப் பிரிவுக்கு மார்க்கெட் இருக்குன்னு!"

"அது அப்பா படகுங்க."

"அட, தெரியும். கேன்சல் பண்ணிடச் சொல்றேன் மாமாவ. ஒரு பட்டனு. நம்பரு அப்படியேதான் இருக்கும். அவரு படகும் அவருகிட்டயே இருக்கும்." நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். மனிதர் கெட்டவர் இல்லை. அது தெரிந்ததால்தான் எனக்கு அவரோடு சண்டை போடக்கூட வரவில்லை.

கிளிஞ்சல்மேட்டில் அம்மா கூடத்தில் உட்கார்ந்து மத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போனதும் அம்மா தலையை நிமிர்த்தாமலே, "ஒங்கப்பா கைய வெச்சுட்டாரு. எங்கிட்ட ஒண்ணும் கேக்காத" என்றாள்.

நான் அப்பா எதிரில் உட்கார்ந்தேன். "இது பேருக்குப் போட்டதுப்பா. வித்ததா ஆவாது. நீங்க ஒரு வார்த்த வேணாம்னு சொன்னா போதும், நான் கேன்சல் பண்ணிடுவேன்."

"வூட்டுக்குள்ள ஒருத்தன் சரின்னுருந்தா அது வேறம்மா. அது வெளாட்டு. இவரு வெளி ஆளு. நான் கைய வெச்சு சொன்ன வெலைய நம்பி சரின்னுருக்காரு."

"நீங்க சொன்னது போனுக்கு."

"போனுக்குள்ள கேட்டது மனுசந்தான?"

ஜவஹர் அலியையே கூப்பிட்டேன். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், சித்தப்பா மகன் திட்டம் உட்பட. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு நல்ல மனுஷராகப் பேசினார். "அமிர்தலிங்கண்ணே, எம்மச்சான் துபாயிலேர்ந்து வந்துட்டாரு, அவருக்குத் தொழில் வெச்சுக் குடுக்கலாம்னு கேட்டேன். நீங்க விக்கிற நெனப்புல இல்லன்னா வுட்டுடுறேண்ணே. அல்லாவறிய மனசுல ஒண்ணும் இல்ல. வேற படகு கெடைக்காமலா போவும்?"

அம்மாவின் கை அரிவாள்மணையில் நின்றது. நானும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க வுடுவீங்க தம்பி, அது உங்க பெருந்தன்மை" என்றார் அப்பா. "நான் எப்புடி வுடுறது? குரூப்புல எல்லாரும் பாத்துருக்காங்க. நாளக்கி நான் கரையில நின்னு ஒரு வெல சொன்னா எவன் மதிச்சுக் கேப்பான்? நாளு பாத்து வந்து எடுத்துக்குங்க."

பிறகு மிச்சச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். எனக்கு அவரை உலுக்க வேண்டும்போல இருந்திருக்க வேண்டும். இல்லை. கை கால் எல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரி இருந்தது. அம்மா என்னிடம் ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

வளர்பிறையில் ஒரு காலையில் ஜவஹர் அலி மச்சானோடு வந்து மீதிப் பணத்தை பாங்கில் போட்டுவிட்டுப் படகை எடுத்துக்கொண்டார். படகில் இருந்த ஆட்கள் எல்லோரும் படகோடே போனார்கள், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஜவஹர் அலி அப்பாவையும் ஓட்டக் கூப்பிட்டார். "என் வூட்டுக்கே வாடகைக்குப் போன மாதிரி இருக்கும் தம்பி" என்று அப்பா மறுத்துவிட்டார். வந்த பணத்தில் படகு மேல் இருந்த சங்கக் கடனும் இன்ஜினுக்கு வாங்கிய கடனும் போக மிச்சத்தை பாங்கில் போட்டார். வேறு படகு வாங்க அது போதாது. ஐம்பத்தெட்டு வயதில் புதிதாகக் கடன் யார் கொடுப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

மே மாதம் முடிந்த அன்று மணிவேல் கேக் வாங்கி வந்தார். அதன்மேல் கிரீமில் ஐம்பது லட்சம் என்று எழுதியிருந்தது. சலோமி ஒரு துண்டை என் வாயில் வைத்தாள். நான் மென்றேன். அது எந்தப் பழத்தின் கேக் என்றுகூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

அப்பா எங்கள் அலுவலகத்துக்கு அதுவரை வந்ததே கிடையாது. அடுத்த வாரம் மாடிப்படி ஏறி வந்தார். தோய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மணிவேல் அவசரமாக எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை.

"பாங்குல பதினாறும் முழுசா வந்துருக்கு மாப்ள. உங்க கமிஷன் புடிக்கல."

"என்ன மாமா, உங்ககிட்டப் போயி..."

"மீன் வித்தா ஏலக்காரருக்குக் கூலி உண்டு. படகு வித்தாலும் உண்டு. நீங்க வேல பாத்துருக்கீங்க." சட்டைப் பையிலிருந்து பதினாறாயிரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

மணிவேல் அந்தப் பணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கணக்கு எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு லட்சம் விற்ற அந்த மாதத்தில் எல்லாச் செலவும் போக எங்களிடம் சலோமிக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லை. மணிவேல் பணத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நான் ரசீது போட்டேன்.

அப்பா திரும்பும்போது டிவியைப் பார்த்து நின்றார். "இதுல என் படகும் இருக்கா?"

"போன மாசத்துல இருக்கு மாமா" என்று பட்டனை அமுக்கி மே மாதத்தைக் காட்டினார் மணிவேல்.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் தேடினார். "எங்க தெரியுது?" என்றார். சலோமி எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பியபோது அப்பா துறைமுகத்துக்குப் போகவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனாராம், திரும்பி வந்து படுத்துக்கொண்டாராம். அம்மா போனில் சொன்னாள். "சாப்புட்டாரா?" என்று கேட்டேன். "சாப்புட்டாரு" என்றாள். வைத்துவிட்டோம்.

ஜூன் கடைசியில் சென்னை நிறுவனத்திலிருந்து இஃபாத் என்ற பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்தே மாடிக்கு வந்துவிட்டார். மணிவேல் அதற்கே பாதி மயங்கிவிட்டார். இந்தப் பணம் வந்தால் புது ஐஸ் வண்டி, தஞ்சாவூரில் ஒரு கிளை, அதன் பிறகு அப்பாவுக்கே ஒரு படகு வாங்கிக் கொடுப்போம் என்று முந்தின நாள் என்னிடம் சொல்லியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன்.

இஃபாத் டிவியை ஒரு தடவை பார்த்ததோடு சரி. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டார். "முழு விலை எவ்வளவுன்னு பாத்துட்டேன். உங்களுக்கு நின்னது எவ்வளவு?" என்று கேட்டார். மணிவேல் எதிர்காலத்தைப் பற்றிச் சொன்னார். "கேன்சலும் ரிட்டர்னும் கழிச்சா எவ்வளவு?" என்று கேட்டார். மணிவேல் வளர்ச்சியைப் பற்றிச் சொன்னார். இஃபாத் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "முழு விலைங்கறது சந்தையில எவ்வளவு கூட்டம்னு சொல்லும் சார், அதுக்கு அது வேணும். ஆனா கூட்டம் திரும்பி வருமான்னு அது சொல்லாது. அதான் கேக்குறேன்" என்றார். பிறகு திரையில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"மே மாசத்துல ஒரு பதினாறு லட்சம் தனியா நிக்குது. ஒரே ஆர்டர். படகுன்னு இருக்கு. இந்த மாதிரி மாசா மாசம் வருமா?"

"வரும் மேடம்." மணிவேல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "எங்க மாமனார் ஊரு கிளிஞ்சல்மேடு. கரை பூரா படகுதான். எல்லாரும் அவருக்குத் தெரிஞ்சவங்க. அவரு நின்னு ஒரு வீடியோவுல சொன்னா போதும், அப்படியே போவும். அவரும் இப்ப வூட்டுல சும்மாத்தான் இருக்காரு."

சும்மாத்தான் இருக்காரு. அந்த வார்த்தை காதில் விழுந்தது. எத்தனையோ நாள் கழித்து எனக்கு வலித்தது.

இஃபாத் என் பக்கம் திரும்பினார். "கணக்கு நீங்கதான பாக்குறீங்க? நீங்க சொல்லுங்க. திரும்ப வருமா?"

"வராது மேடம்" என்றேன். "எங்கப்பாகிட்ட ஒரு படகுதான் இருந்துச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. ஒரு படகுதான் மேடம், ஒரு படகுதான் என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதேன். ஐந்து வருடத்து அழுகை, கேட்டுக்கொண்டு வரவில்லை. சலோமி ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மணிவேல் முகம் செத்துவிட்டது. "அது வீட்டு விஷயம் மேடம்" என்றார். "தயவுசெஞ்சு அதக் கணக்குல எடுத்துக்காதீங்க."

இஃபாத் திரையைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த டிவியைப் பார்த்தார்.

"நான் எடுத்துக்கல சார். நீங்க எடுத்துருக்கீங்க" என்றார்.